அரைநாள் வேலை என்றால் அரை உரிமையா?



பகுதிநேர வேலை பற்றிப் பேச எழுந்துள்ளேன். இது கந்தோர் உத்தியோகத்தரின் கவலை, கமக்காரருக்கு இதில் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்க வரும் பெண், மதியம் உலை வைக்க வீடு திரும்புகின்றாள். அவள் செய்வதும் பகுதிநேர வேலையே.

ஒரு வழக்கைக் கூறுகின்றேன். அன்றைய மேற்கு ஜேர்மனியில் பில்கா என்றொரு பெரிய வியாபார நிறுவனம் இருந்தது. அங்கே 1961இல் விற்பனையாளராகச் சேர்ந்த ஒரு மாது, 1972இல் பகுதிநேர வேலைக்கு மாறினார். 1976இல் அவரது சேவை முடிவுற்றது. கொம்பனி அவருக்கு ஓய்வூதியம் மறுத்தது. 20 ஆண்டுக் காலத்தில் 15 ஆண்டுகளாவது முழுநேரம் உழைத்திராத பகுதிநேர ஊழியருக்கு ஓய்வூதியம் இல்லை என்பது அங்கிருந்த விதி.

அவ்விதியில் 'பெண்' என்ற சொல்லே இல்லை. ஆயினும் பகுதிநேரம் உழைப்போர் யார்? பெரும்பாலும் பெண்களன்றோ! ஐரோப்பிய நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது: ஒரு விதி ஆண்களை விட மிகப் பெருந்தொகையான பெண்களைப் பாதிக்குமாயின், அதற்குப் பால் வேற்றுமையோடு தொடர்பற்ற தக்க நியாயம் உண்டென முதலாளியே நிரூபித்தல் வேண்டும். பிரித்தானியாவிலும், வாரத்தில் 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக உழைத்தோருக்கு வேலைப் பாதுகாப்பைக் கடினமாக்கிய சட்டம், 1994இல் பிரபுக்கள் சபையின் முன் இதே நியாயத்தினால் வீழ்ந்தது.

ஆனால் பில்கா தீர்ப்பின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. குடும்பப் பாரத்தைக் கருத்திற்கொண்டு ஓய்வூதியத் திட்டம் வகுக்கும் கடமை முதலாளிக்கு உண்டென அந்நீதிமன்றம் கூறவில்லை. அது சட்டசபைகளின் வேலையாயிற்று. நெதர்லாந்து 1996இல் வேலை நேரத்தைக் காட்டிப் பாரபட்சம் செய்வதைத் தடுத்தது. 2000இல், நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கேட்கும் உரிமையை ஊழியருக்கு வழங்கியது. எனினும் அங்கே உழைக்கும் பெண்களிற் சரிபாதிக்கு மேற்பட்டோர் பகுதிநேரத்திலேயே உள்ளனர். உயர்பதவியோ முழுநேரத்தாரையே நாடுகின்றது. கூலியில் நீதி கிடைத்துவிட்டால் பதவியில் நீதி தானாக வந்துவிடாது.

நம் நாட்டுக்கு வருவோம். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாட்கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த நாட்கூலி என்ற அநீதி 1984இலேதான் சட்டப்படி ஒழிந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, பால் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. ஆனால் அதனைக் கொண்டு உயர் நீதிமன்றம் செல்வது அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராகவே. தனியார் கொம்பனி அநீதி செய்தால் அக்கதவு அடைபட்டே கிடக்கின்றது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. உழைத்த நேரத்துக்கேற்ற விகிதத்தில் ஊதியமும் சேவைக்கால நன்மைகளும். பகுதிநேரத்திலிருந்து முழுநேரத்துக்கு மீளும் வழி. பதவி உயர்வில் மணிக்கணக்கை அல்லாது திறமையை நோக்கும் முறை. இவற்றைத் தனியார் துறைக்கும் விதிக்கும் சட்டம் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நமது சங்கங்களும் நமது கந்தோர்களும் நமது தோட்டங்களும் நம் கையிலேயே உள்ளன. பிறரிடம் நீதி கேட்போர், தம் வயலில் அரைநாள் குனிந்து உழைத்தவளுக்கு ஆணின் அரைநாட் கூலியைக் குறையாது எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்பாராக!