அசல் குறைஞ்சா வட்டியும் குறையணும்

கூட்டமைப்பின் கணக்காளர் என்ற முறையில் ஒரே ஒரு கணக்கைச் சொல்றேன்.

12,000 ரூபாய் கடன். 12 மாதம். நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. முழுக் கடனுக்கும் கடைசி வரை வட்டி போட்டால் மாதம் 120 வீதம் 1,440 ரூபாய். ஆனா, மாசாமாசம் 1,000 ரூபாய் அசல் கட்டிக்கிட்டே வர்றோமே! நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் மொத்தம் 780 தான். ரெண்டுமே ‘ஒரு ரூபா வட்டி’தான். வித்தியாசம் 660 ரூபாய்.

இதை எக்செல்லில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஐந்து பத்திகள்: மாதம், நிலுவை, வட்டி, அசல், மீதி. முதல் மாத நிலுவை 12,000. வட்டிக்கு, நிலுவையை 100 ஆல் வகுக்கும் சூத்திரம். அசல் 1,000. நிலுவையில் அசலைக் கழித்தால் மீதி 11,000. அந்த மீதிதான் இரண்டாம் மாத நிலுவை. இரண்டாம் மாத வரிசையிலும் இதே சூத்திரங்களைப் போட்டு, அந்த வரிசையைப் பிடித்துக் கீழே இழுங்க. வட்டி 120, 110, 100 என்று இறங்கி, கடைசி மாதம் 10 ரூபாயில் நிற்கும். மீதி பூஜ்யம் ஆகணும். ஆகலைன்னா கணக்கு எங்கேயோ இடிக்குதுன்னு அர்த்தம்.

வெளியில் கடன் வாங்கும்போது “வட்டி எவ்வளவு?” என்பதோடு நிறுத்தாதீங்க. “நிலுவைக்கா, முழுக் கடனுக்கா?” என்றும் கேளுங்க. தவணை அட்டவணையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்க.