ஊராட்சியில் நேர்மை: உறவும் பொறுப்பும்

(தோட்ட இளைஞர்களுக்கான குடியியல் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஊராட்சி என்பது நம் வீட்டு வாசலிலேயே தொடங்கும் ஆட்சியாகும். குப்பை அகற்றுதல், கால்வாய்த் துப்புரவு, சந்தை, அங்காடிக் கடை உரிமம், கட்டட அனுமதி, மதிப்பீட்டு வரி ஆகியவற்றில் மாநகர் மன்றத்துடனோ, நகராண்மைக் கழகத்துடனோ, மாவட்ட மன்றத்துடனோ நமக்குத் தொடர்பு ஏற்படுகிறது. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் வீடும் குடிநீரும் சாலையும் நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தமையால், இம்மன்றங்களைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால், பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, நம் மக்கள் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறியபின், இம்மன்றங்களின் முடிவுகள் நம் அன்றாட வாழ்வையே பாதிக்கின்றன.

தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி, மன்றத் தலைவரோடு எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அவர்களுள் நம் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் இடம் பெறுகின்றனர். ஒருவர் நியமனம் பெற்றவுடன் மாலை அணிவித்து மகிழ்கிறோம். மறுநாளே, “நம்மவர்தானே, இதைக்கூடச் செய்ய மாட்டாரா?” என்று அவர் வீட்டு வாசலில் நிற்கிறோம். இன்று நான் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

ஏழை விதவை ஒருவரின் அங்காடிக் கடை விண்ணப்பம் ஏன் தாமதமாகிறது என்று உறுப்பினர் கேட்பது அவரது கடமை. அடைபட்ட கால்வாயைச் சீர்செய்யும்படி வற்புறுத்துவதும் கடமையே. ஆனால், அந்தக் கால்வாயைத் துப்புரவு செய்யும் குத்தகைக்கு அவருடைய மைத்துனரே விலை கொடுத்திருக்கிறார் எனக் கொள்வோம். அங்கே பொதுநலனும் சொந்த நலனும் மோதுகின்றன. அவர் ஒரு காசும் பெறாதிருக்கலாம். மைத்துனரின் விலையே மிகக் குறைந்த விலையாகவும் இருக்கலாம். அப்படியிருந்தும் அவர் அந்த முடிவில் பங்கு கொள்ளக் கூடாது.

ஏன்? குத்தகை கொடுத்த பின்னர், வேலை சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வையிட்டு அறிக்கை எழுதுபவர் மன்றத்தின் ஊழியர். குத்தகையாளர் உறுப்பினரின் மைத்துனர் என்று தெரிந்தால், குறையைக் குறையென்று எழுத அந்த ஊழியரின் கை தயங்கும். அடுத்த முறை விலை கொடுக்க வேண்டிய மற்றக் குத்தகையாளர்களும் ஒதுங்கி விடுவர். போட்டி குறைந்தால் விலை ஏறும். அந்த விலையைச் செலுத்துவது நம் வரிப்பணம். தேங்கிய நீரில் கொசு வளர்வது நம் வீட்டுப் பின்புறத்தில்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. பழங்காலத் தோட்டங்களில் ஆள் சேர்த்தவரும் கங்காணியே. வேலை வாங்கியவரும் அவரே. வேலைக்கு வந்த ஆள்களைக் கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கிடைத்தது. சில இடங்களில் கடனுக்குச் சாமான் கொடுத்த கடையும் அவருடையதாகவே இருந்தது. அத்தகைய இடத்தில், நோயுற்ற தொழிலாளிக்காகக் கங்காணி துரையிடம் பரிந்து பேசுவது எளிதாகுமா? நல்ல மனம் படைத்த கங்காணிகளும் இருந்தனர். ஆயினும் அவர்களது வருமானம் ஒரு பக்கமும் தொழிலாளியின் நலன் மறுபக்கமும் இழுத்தன. அதன் விளைவை நம் பாட்டனார் கடனாகச் சுமந்தனர்.

ஆகவேதான் சட்டம் மனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. மன்றத்தின் முன் வரும் குத்தகையில் பண நலன் உடைய உறுப்பினர் அதனைக் கூட்டத்தில் வெளிப்படுத்த வேண்டும். விவாதத்திலும் வாக்களிப்பிலும் கலந்து கொள்ளக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இன்னும் கடுமையானது. தமக்கோ தம் உறவினருக்கோ கூட்டாளிக்கோ நலன் உள்ள விவகாரத்தில் பொது அதிகாரி முடிவு செய்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், அவர் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றே அச்சட்டம் கருதுகிறது. குற்றம் உறுதியானால் இருபது ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. ஊராட்சி மன்ற உறுப்பினரும் இச்சட்டத்திற்கு உட்பட்டவரே.

நம் நாட்டு வரலாறும் இதை உணர்த்துகிறது. 1965-ஆம் ஆண்டில், இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலின்போது ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. சில மன்றங்களில் முறைகேடுகள் நடந்ததாகப் புகார்களும் எழுந்தன. அவ்வாண்டிலேயே செனட்டர் ஆதி நாகப்பன் அவர்களின் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1968-இல் நிறைவுற்ற அதன் அறிக்கை, குறைகளை ஆராய்ந்த பின்னரும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டுமென்று பரிந்துரைத்தது. எனினும், 1976-ஆம் ஆண்டின் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. நியமனம் பெற்ற உறுப்பினர் வாக்காளர்முன் சென்று நிற்பதில்லை. ஆதலால், அவர் நடத்தையின்மீது நம் கண் இருப்பது இன்னும் அவசியமாகிறது.

இளைஞர்களே! நாம் செய்யக்கூடியவை மூன்று உண்டு.

முதலாவது, நம்மவரிடம் முறையற்ற உதவியைக் கேளாதிருப்போம். உரிமம் வேண்டுமாயின் விண்ணப்பம் செய்வோம். தாமதமானால் எழுத்து மூலம் முறையிடுவோம். தீபாவளிக்கு வீடமைப்பாளர் அனுப்பும் பரிசுக் கூடையை உறுப்பினர் திருப்பி அனுப்பினால், அவரைக் கர்வம் பிடித்தவர் என்று ஏசாமல் பாராட்டுவோம்.

இரண்டாவது, மன்றத்தின் நடவடிக்கைகளை அறிந்து கொள்வோம். குத்தகை அறிவிப்புகளைப் படிப்போம். ஐயம் எழுந்தால் வதந்தி பரப்பாமல், தேதியும் விவரமும் குறித்துக் கொண்டு உரிய இடத்தில் தெரிவிப்போம். முறைப்படி தகவல் கொடுப்பவரைக் காக்க 2010-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

மூன்றாவது, இந்தப் பழக்கத்தை நம் இடத்திலேயே தொடங்குவோம். ஆலயத் திருவிழாவிற்குப் பந்தல் போடுபவர் செயலாளரின் தம்பியா? தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குச் சாமான் விற்பவர் பொருளாளரா? அவ்வாறாயின், அவர் அதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு வெளியே சென்று அமரட்டும். மற்றவர்கள் முடிவு செய்யட்டும். அது கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. “இது என் தம்பியின் விவகாரம், நான் பேசுவது முறையன்று” என்று எழுந்து செல்பவரை நாளை எந்த மன்றத்திற்கும் நாம் நம்பி அனுப்பலாம்.

உங்களிலிருந்தும் நாளை உறுப்பினர்கள் உருவாகக்கூடும். அன்று உறவினர் கோபித்துக் கொள்வர். நண்பர்கள் மனம் வருந்துவர். அதைப் பொறுத்துக் கொள்ளும் உறுதி இன்றே உங்கள் உள்ளத்தில் வேரூன்ற வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.