கடைசி வரியில் வரும் சாரதி



2024 மார்ச் 26. இஸ்லாமாபாத்திலிருந்து தாசு நீர்மின் திட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வாகனத்தில் பெஷாம் அருகே தற்கொலைத் தாக்குதல். ஐந்து சீனப் பொறியியலாளர்கள் செத்தார்கள். வண்டி ஓட்டின பாகிஸ்தானியரும் செத்தார். 2022இல் கராச்சி பல்கலைக்கழகத்தில் மூன்று சீன ஆசிரியர்களைக் கொன்றபோதும் கூடச் செத்தது உள்ளூர்ச் சாரதி ஒருவர்தான். தலைப்பில சீனர் வருவினம், முதலீடு வரும். சாரதி கடைசி வரியில வருவார்.

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் கதைக்கப் போறன்.

சீன-பாகிஸ்தான் பொருளாதாரப் பாதை 2015இல் 46 பில்லியன் டொலர் என்று அறிவிக்கப்பட்டது. அதன் கடல் வாசல் பலூசிஸ்தானின் குவாதர். துறைமுக வருமானத்தில் 91 வீதம் சீனக் கம்பனிக்கு. மிச்சம் மத்திய அரசின் துறைமுக அதிகாரசபைக்கு. மீன்பிடிக்கிற சனத்துக்கு என்ன கிடைச்சது? சோதனைச் சாவடி.

திட்டங்களைக் காக்க ஏறத்தாழ 15,000 பேர் கொண்ட தனிப் படைப்பிரிவு அமைத்தார்கள். 2020இல் நகரத்தையே வேலி போட்டு அடைக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்பால் அது நின்றது. 2021இல் குவாதர் சனம் வாரக்கணக்கில் வீதியில் இருந்து கேட்டது பெரிய விசயங்கள் இல்லை: கடலை அள்ளுற ட்ரோலர்களை நிறுத்துங்கோ, சாவடிகளைக் குறையுங்கோ. 'பாதுகாப்பு' என்று சொல்லிக் கடலை மறிக்கிறது வலி வடக்குச் சனத்துக்குப் புதுக்கதை இல்லை.

ஆனா இதுக்குள்ள இன்னொன்றையும் நேர்மையாச் சொல்ல வேணும். 2024 ஓகஸ்டில் முசாகேலில் பஸ், லொறிகளை மறிச்சு, அடையாள அட்டை பார்த்து இறக்கி, 23 பேரைச் சுட்டார்கள். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள். அதே ஆண்டு மே மாதம் குவாதருக்குக் கிட்ட, முடிவெட்டுற கடையில வேலை செய்த ஏழு பேர் நித்திரையில கொல்லப்பட்டார்கள். அடையாள அட்டை பார்த்து ஆளைப் பிரிக்கிறது என்னவென்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதை 'ஏகாதிபத்திய எதிர்ப்பு' என்று கைதட்டுற தோழர்களோட எனக்கு உடன்பாடு இல்லை. கூலிக்கு வந்தவன் மூலதனம் இல்லை.

அரசைப் பாருங்கோ. துவக்கு எடுக்காமல் ஊர்வலம் போன பலூச் யக்ஜெஹ்தி கமிட்டியின் மஹ்ரங் பலூச்சை 2025 மார்ச்சில் கைது செய்தது. அறவழிக் கதவைச் சாத்தினால், துவக்குக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது அரசேதான். அதுக்குப் பிறகு இன்னும் ஆமி, இன்னும் சாவடி. முதலீடும் பாதுகாப்பா இல்லை, சனமும் பாதுகாப்பா இல்லை.

அதால நாங்கள் செய்யக்கூடியது: காணாமல் போனவர்களைத் தேடுற பலூச் பெண்களோட வெளிப்படையா நில்லுங்கோ. சீனத் தொழிலாளியையும் பஞ்சாபித் தொழிலாளியையும் எதிரியாக்குற பேச்சை எங்கட கூட்டங்களில் விடாதேங்கோ. செத்தவர்களை எண்ணும்போது சாரதியையும் சேர்த்து எண்ணுங்கோ.