பழைய லாரி வாங்குமுன் பின் அச்சைச் சோதியுங்கள்



விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பழைய சிறிய லாரி ஒன்றை வாங்க எண்ணுவோர் உங்களில் பலர் இருப்பீர்கள். எஞ்சின் புகைக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, ஆர்.சி. சரியாக உள்ளதா என்று பார்க்கிறோம். ஆனால் பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் டிபரென்ஷியல் எந்த வகை என்று கேட்பவர் குறைவு. அறுவடை நாளில் மழை பெய்து, மூட்டை ஏற்றிய வண்டி வயல் ஓரத்துச் சேற்றில் நின்றுவிட்டால்தான் அதன் நினைவு வருகிறது.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதே டிபரென்ஷியலின் வேலை. சாதாரண வகையில் இரு பக்கத்திற்கும் ஒரே அளவு இழுவிசைதான் போகும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழன்றால், கெட்டித் தரையில் உள்ள மறு சக்கரத்திற்கும் விசை கிடைக்காது. இதைத் தவிர்க்கவே டிராக்டரில் காலால் மிதிக்கும் டிபரென்ஷியல் லாக் வைத்திருக்கிறார்கள். சில லாரிகளில் இதற்கென விசையோ நெம்புகோலோ இருக்கும். சிலவற்றில் வழுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் வகை இருக்கும்.

'லாக் உள்ள வண்டி' என்று விற்பவர் கூடுதல் விலை கேட்டால், முன்பணம் கொடுக்குமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் உடன் இருப்பது நல்லது.

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, அச்சை உறுதியான தாங்கிகளின் மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். வண்டிக்கு அடியில் போகாதீர்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, கை பிரேக்கை விடுவியுங்கள். லாக் இருந்தால் அதையும் விடுவியுங்கள். பின்னர் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

1. மறு சக்கரம் எதிர்த் திசையில் எளிதாகச் சுழன்றால் சாதாரண வகை. விசையுள்ள வண்டியாயின் லாக்கைப் போட்டுப் பாருங்கள். சிலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் லாக் விழும். அவற்றை இறக்கியபின் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

2. சக்கரம் கடினமாக எதிர்த்து, பலமாக அழுத்தினால் மெல்ல நழுவினால், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை.

3. சற்றும் அசையவில்லையெனில் நியூட்ரலில் போட்டுச் சுற்றுங்கள். இரண்டும் ஒன்றாக ஒரே திசையில் சுழன்றால், லாக் விழுந்தே இருக்கலாம்; பல்சக்கரங்களை வெல்டிங் செய்தும் இருக்கலாம். வெல்டிங் செய்த வண்டி சாலைத் திருப்பங்களில் டயரைத் தின்னும், அச்சையும் முறிக்கும். அதை வாங்க வேண்டாம்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் தகடுகள் தேய்ந்துவிட்டால், அதுவும் சாதாரண வகை போலவே சுழலும். சக்கரங்களின் வேக வேறுபாடு மிகும்போது தானே பூட்டிக்கொள்ளும் வகையும் கைச் சோதனையில் தெரியாது. ஆகவே அச்சில் உள்ள தகட்டின் எண்ணைக் குறித்து, வண்டித் தயாரிப்பாளரின் முகவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வாங்கிய பின்னும் வகையை அறிந்திருப்பது பயன் தரும். தகடுகள் உள்ள வகைக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய் வேண்டும். அவ்வகை வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிக் கியர் போடாதீர்கள். தரையில் உள்ள சக்கரம் இழுத்து, வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். லாக் உள்ள வண்டியில், சேற்றைத் தாண்டியதும் திரும்புமுன் லாக்கை விடுவியுங்கள்.

தார்ச் சாலையிலேயே ஓடப்போகும் வண்டிக்குச் சாதாரண வகை போதும். லாக்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வயல் வரை இறங்க வேண்டிய வண்டிக்கு லாக் இருப்பது நலம். உங்கள் வழி எது என்று முதலில் தீர்மானியுங்கள்; சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்; பிறகு விலை பேசுங்கள்.