'மருந்து இல்லை' என்ற சொல்லோடு வீடு திரும்பாதீர்!

(வன்னியில் கமக்காரரும் கற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



காணியைப் பற்றியும், குளத்து நீரைப் பற்றியும், நெல்லின் விலையைப் பற்றியும் உங்கள் முன்னிலையில் பன்முறை பேசியுள்ளோம். இன்று ஒரு துண்டுக் கடதாசியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். வைத்தியர் எழுதித் தரும் மருந்துச் சிட்டையே அக்கடதாசி. அதனைக் கையிலேந்திக் கடை கடையாய் ஏறி இறங்கி, 'இல்லை' என்ற ஒரே விடையைக் கேட்டுத் திரும்பாத குடும்பம் இங்கு உண்டோ?

சென்ற காலபோகத்திலே காணி வழக்கொன்றின் நிமித்தம் எம்மிடம் வந்த கமக்காரர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவருடைய மகனின் காலிலே மண்வெட்டி பட்டது. காயம் பழுத்துக் கணுக்கால் வீங்கியது. தனியார் வைத்தியர் ஒருவர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தொன்றை ஏழு நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். முதலாவது கடையிலே, 'இல்லை' என்றனர். இரண்டாவது கடையிலே, 'முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள்' என்றனர். மூன்றாவது கடையிலே, 'இதுவும் அதைப் போன்றதே' என்று கூறி வேறொரு மருந்தைக் கொடுத்தனர். கையிலிருந்த காசுக்கு ஆறு குளிசைகள் கிடைத்தன. மூன்றாம் நாள் வீக்கம் முழங்காலை எட்டியது. பையன் காய்ச்சலிலே பிதற்றத் தொடங்கினான். அரசினர் வைத்தியசாலையிலே பத்து நாட்கள் ஊசி மூலம் மருந்தேற்றிய பின்னரே கால் தப்பியது.

அச்சிட்டையை அவர் எமது மேசைமீது விரித்தார். அதிலே இருந்தது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் மாத்திரமே. மருந்தாளர் ஒருவரிடம் காட்டினோம். 'இது புளுகுளொக்சசிலின், இதே மருந்து வேறு பெயர்களிலும் வருகிறதே' என்றார் அவர். முதலாவது கடைக்கே சென்று விசாரித்தோம். அதே மருந்து, அதே அளவில், வேறொரு பெயரோடு அன்றும் அந்த அலுமாரியிலே இருந்ததாம்! கேட்டவருக்கு மருந்தின் பெயர் தெரியவில்லை. விற்றவருக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. இவ்விரு மௌனங்களுக்கும் இடையிலே ஒரு பிள்ளையின் கால் போகவிருந்தது.

பெருமக்களே! 'மருந்து இல்லை' என்பதிலே இருவகை உண்டு. ஒன்று, பெயர் இல்லாமை. மற்றையது, பொருளே இல்லாமை. முன்னதற்குப் பரிகாரம் நம் கையிலேயே இருக்கின்றது. பின்னதற்குப் பரிகாரம் அரசின் கையிலே இருக்கின்றது. அதனை வற்புறுத்திப் பெறுவது நமது கடமையாகின்றது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், மருந்தின் பொதுப் பெயரைச் சிட்டையிலே எழுதுமாறு வைத்தியரைப் பணிக்கின்றது. அதே மருந்து எவ்வெவ் வடிவங்களிலே, எவ்வெவ் விலைகளிலே தம்மிடம் உண்டு என்பதை வாங்குபவருக்கு எடுத்துரைக்க வேண்டிய பொறுப்பினை மருந்தாளர்மீது சுமத்துகின்றது. ஆகவே வைத்தியரின் அறையை விட்டு எழுமுன், 'ஐயா, மருந்தின் பொதுப் பெயரையும் எழுதித் தாருங்கள்' என்று கேளுங்கள். கடையிலே, 'இப்பெயர் இல்லையாயின் இதே மருந்து வேறு பெயரில் உண்டா?' என்று வினவுங்கள். இது பிச்சையன்று; சட்டம் தந்த உரிமை!

இனி, உண்மையாகவே மருந்து இல்லாத வேளையில் யாது செய்வது? மாற்று மருந்தைத் தீர்மானிக்க வேண்டியவர் எழுதிய வைத்தியரே அன்றி, கடையிலே நிற்பவர் அல்லர். கடையிலே நின்றபடியே வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். மருந்தாளரையே அவருடன் பேச விடுங்கள். பெனிசிலின் ஒவ்வாதவர் அதனை முதலிலேயே சொல்லவேண்டும். அமொக்சிசிலினும் குளொக்சசிலினும் புளுகுளொக்சசிலினும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பெயர் வேறாயினும் ஆபத்து ஒன்றே. அரச ஒசுசல நிலையங்களிலும், அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலையிலும் விசாரியுங்கள். அயலவர் வீட்டில் மிஞ்சிய குளிசையை வாங்கி விழுங்காதீர். ஏழு நாள் மருந்தை இரு பிள்ளைகளுக்குப் பங்கிடாதீர். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 இல் நொபெல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் அதற்கு எதிர்த்து நிற்கும் வலுவைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று எச்சரித்தார். இன்று உலகம் முழுவதும் அதன் பலனை அனுபவிக்கின்றது.

வயலிலே நிற்பவர்களுக்கு ஒரு சொல். 2024 டிசம்பரிலே யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் குடித்ததை நாம் மறக்கவில்லை. சேற்று நீரிலே இறங்கும் கமக்காரருக்குத் தடுப்பாக வழங்கப்படும் டொக்சிசைக்கிளின், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாகவே கிடைக்கின்றது. அதற்காகக் கடைகளிலே அலையவேண்டியதில்லை. ஆயினும், கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அம்மருந்து பொதுவாகத் தவிர்க்கப்படுவதால், கேளாமல் எவருக்கும் கொடுக்கலாகாது. காய்ச்சலோடு மூச்சுத்திணறலோ, சிறுநீர் குறைவதோ, கண் மஞ்சளாவதோ கண்டால், மருந்துக் கடையைத் தேடாதீர், வைத்தியசாலையைத் தேடுங்கள்!

அடுத்து, அரசின் கடமைக்கு வருவோம். மருந்தில்லாத வாழ்வு எம்மக்களுக்குப் புதிதன்று. 1990களிலே பொருளாதாரத் தடையின் கீழ், செஞ்சிலுவைக் கப்பல் வருமோ வராதோ என்று கரையைப் பார்த்திருந்தவர்கள் நாம். 2022 இலே அந்நியச் செலாவணி வற்றி, அவ்வாண்டு ஏப்பிரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதையே இந்நாடு நிறுத்திவைத்த வேளையில், அன்று வடக்கு அறிந்த துன்பத்தை நாடு முழுவதும் அறிந்தது. காலியிலே ஒரு தாய் அழுதாள். கண்டியிலே ஒரு தந்தை கடை கடையாய் அலைந்தான். நோய்க்கு மொழியும் இல்லை, இனமும் இல்லை.

இந்நிலை வரக்கூடும் என்பதை உணர்ந்து வழிகாட்டிய ஒருவர் இத்தீவிலே வாழ்ந்தார். பேராசிரியர் சேனக பிபிலே என்பது அவர் பெயர். 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்தல், பொதுப் பெயரிலே வழங்குதல், உலகச் சந்தையிலே கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குதல் என்பன அவர் கொள்கை. 1974 இலே வாந்திபேதி பரவியபோது, அரசு வாங்கிய மூலப்பொருளிலிருந்து ரெட்ராசைக்கிளின் தயாரித்துத் தருமாறு பன்னாட்டு நிறுவனமொன்றைக் கேட்டனர். அது மறுத்தது. மருந்து விமானத்திலே பெருஞ் செலவில் கொண்டுவரப்பட்டது. கொள்ளைநோயின் நடுவிலும் மருந்து பிறர் கையிலே இருந்தமையின் பொருள் அதுவே! 1977 இல் பிபிலே மறைந்தார். அவர் காட்டிய பாதையிலே தொடர்ந்து நடக்க ஆட்சியாளருக்கு மனம் வரவில்லை.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே, அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில், சுகாதார உரிமை என்று தனியொரு உறுப்புரை இல்லை. ஆயினும் நாம் வெறுங்கையராய் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையிலே உண்டு. இவ்வைத்தியசாலையிலே எந்த நுண்ணுயிர்க்கொல்லி எத்தனை நாட்களாக இல்லை, எப்போது கோரப்பட்டது, யாரிடம் தாமதிக்கின்றது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்கச் சட்டம் அதிகாரியைக் கட்டுப்படுத்துகின்றது.

ஆகவே இக்கூட்டத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கின்றோம். ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை இப்பணிக்கு நியமிக்கட்டும். சிட்டையோடு அலைபவர் அவர்களிடம் வரட்டும். அவர்கள் பொதுப் பெயரைக் கேட்டறிந்து, கடைகளுக்கும் வைத்தியசாலைக்கும் தொலைபேசி எடுத்து, எங்கே உண்டு என்று சொல்லட்டும். கிடைக்காத மருந்தையும் திகதியையும் ஒரு கொப்பியிலே பதியட்டும். மாத முடிவிலே அக்கொப்பியைக் கொண்டு தகவல் கோரும் மனுவை எழுதுவது சட்டத்தரணிகளாகிய எமது பொறுப்பு. அதற்கு ஒரு சதமும் வாங்கமாட்டோம். வைத்தியப் பெருமக்களே! உங்களிடம் யாம் வேண்டுவது ஒன்றே. மருந்தின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் அடியிலே எழுதுங்கள்.

முழக்கங்களால் மட்டும் மருந்து வராது. 'மருந்து இல்லை' என்பது ஒருவர் வீட்டிலே மாத்திரம் கேட்குமாயின் அது அவர் விதியென்று பேசப்படும். நூறு வீடுகளின் கொப்பியிலே, திகதியோடும் பெயரோடும் அது எழுதப்படுமாயின், எந்த அதிகாரியும் மறுக்கவியலாத சான்றாக அது நிற்கும். அச்சான்றைத் திரட்டும் வேலையை இன்றே தொடங்குவோம்.