பிசியோதெரபி படிக்க எந்தப் பட்டம்?

(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நமது அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களில் ‘பிசியோதெரபி’ என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் மனுவோடு இணைத்திருக்கும் காகிதங்களைப் புரட்டினால், ஒன்றில் ஓராண்டு சான்றிதழ் வகுப்பு, மற்றொன்றில் உதவியாளர் டிப்ளமோ, இன்னொன்றில் விளையாட்டு அறிவியல் பட்டம் என்று இருக்கிறது. மூன்று பிள்ளைகளுமே தாங்கள் பிசியோதெரபிஸ்ட் ஆகப் போவதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனவே இன்று இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேச எண்ணினோம்.

நம் நாட்டில் பிசியோதெரபிஸ்ட் ஆவதற்குரிய இளநிலைப் பட்டம் பி.பி.டி. ஒன்றுதான். அதை முடித்தவர்தான் எம்.பி.டி. என்ற மேற்படிப்புக்குப் போக முடியும். “முதலில் பி.எஸ்.சி. விலங்கியல் படிக்கட்டும், பிறகு பிசியோவுக்கு மாறிக்கொள்ளலாம்” என்று சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொன்ன யோசனையாக இருக்கும். அங்கே முறை வேறு. ஏதாவது ஒரு பட்டத்தோடு, கேட்கப்படும் அறிவியல் பாடங்களையும் முடித்துவிட்டு, டி.பி.டி. என்ற மூன்றாண்டு படிப்பில் சேருவார்கள். இங்கே அந்தப் பாலம் கிடையாது. பி.எஸ்.சி. முடித்த பிள்ளை பி.பி.டி. முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, இந்த முடிவை பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு எடுக்க முடியாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். பெண் பிள்ளைதானே, லேசாக இருக்கட்டும் என்று காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிட்டால் இந்தக் கதவு பதினொன்றாம் வகுப்பிலேயே சாத்தப்பட்டுவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்கு ஆண்டு படிப்பு, ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி என்பதே பல காலமாக இருந்த முறை. 2021ல் வந்த சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையத்தின் கீழ் பாடத்திட்டமும் படிப்புக் காலமும் சேர்க்கை விதிகளும் மாறி வருகின்றன. ஆகவே போன வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள்.

படிப்பு சுலபமானதல்ல. உடற்கூறியல், உடலியங்கியல், பிறகு எலும்பு, நரம்பு, இதயம், நுரையீரல் என்று போகும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் வேலை என்று நினைத்துச் சேருபவர்கள் முதலாண்டிலேயே திணறிப்போவார்கள்.

இதை ஏன் நாம் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? நம் வீடுகளைப் பாருங்கள். பக்கவாதம் வந்த ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆண்களுக்கு யாரையாவது ஏற்பாடு செய்துவிடுகிறோம். நம் தாய்மார்களோ, வருகிறவர் ஆண் என்றதும் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்தவரும் அப்படித்தான், முழங்கால் மாற்றியவரும் அப்படித்தான். மூட்டு இறுகிப்போய், நடந்திருக்க வேண்டியவர் கட்டிலோடு தங்கிவிடுகிறார். நம் ஊரில் படித்த பெண் பிசியோதெரபிஸ்டுகள் நாலு பேர் இருந்தால் இந்த நிலை எவ்வளவோ மாறும்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒரு பெண் மருத்துவர் இருந்தார். 1954ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே அவருக்குச் செயலற்றுப் போனது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை நடத்தினார். பிசியோதெரபிஸ்டின் கைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அங்குள்ள மறுவாழ்வு நிலையத்தைப் பிள்ளைகள் ஒருமுறை போய்ப் பார்த்துவரட்டும்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முடித்தவுடன் தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும் சம்பளம் குறைவு. அனுபவம் சேர்ந்து, வீடுகளுக்குப் போய்ச் சிகிச்சை தரத் தொடங்கி, அல்லது சொந்தமாக ஒரு கிளினிக் வைத்த பிறகே கை நிமிரும். வளைகுடா போகலாம் என்றால், அங்கே பட்டத்தையும் பணி அனுபவத்தையும் சரிபார்த்து, தேர்வு வைத்துத்தான் உரிமம் தருகிறார்கள். சான்றிதழ் வகுப்பை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க முடியாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பி.பி.டி.க்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ அல்லது முறையான வேறு பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமோ இருக்கிறதா, பிள்ளைகள் நோயாளிகளைப் பார்த்துப் பழக எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே படுக்கைகள் நிரம்பி இருக்கின்றனவா என்று கேளுங்கள். திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரியே இருக்கிறது. அரசு ஒதுக்கீட்டு இடங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டு. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கலந்தாய்வுக்குப் போனால் அதனால் பயன் இல்லை. ராவுத்தர், மரைக்காயர், லெப்பை குடும்பத்தார் இப்போதே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. மூன்றாம் ஆண்டில் நிக்காஹ் முடிந்து நின்றுபோனால் அந்த மூன்று வருடமும் கணக்கில் வராது. பட்டம் இல்லை, பதிவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம், பயிற்சிக் காலம் உட்பட முழுவதும் முடிக்க விடுவீர்களா என்று பேச்சு தொடங்கும்போதே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நீங்கள் கேட்கத் தயங்கினால் அறக்கட்டளை நிர்வாகிகள் நாங்கள் கூட வந்து கேட்கிறோம்.

பி.பி.டி.யில் சேரும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை ஆண்டுதோறும் தரப்படும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், கல்லூரியின் கட்டண விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன்பாக அலுவலகத்துக்கு வாருங்கள். அஸருக்குப் பிறகு இருப்போம்.