அடிக்க மறுத்ததும் இசை வரலாறுதான்

(கம்பத்தில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



எத்னோமியூசிகாலஜி என்றொரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. தமிழில் இன இசையியல் என்கிறோம். என்ன இசை என்பதோடு நிற்காமல், அதை யார் இசைக்கிறார், யாருக்காக, எங்கே நின்று, என்ன கூலிக்கு என்றும் கேட்கிற படிப்பு அது. இந்தப் பள்ளத்தாக்கில் தப்படித்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் அந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். வழியில் எந்தெந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் துறையின் பிறப்பு அப்படியொன்றும் புனிதமானது அல்ல. யாப் குன்ஸ்ட் என்ற டச்சுக்காரர் காலனி அரசில் வேலை பார்த்தபடி ஜாவாவின் கமலான் இசையை ஆராய்ந்தவர். 1950இல் இந்தப் பெயரைப் பரப்பியவரும் அவர்தான். ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களின் இசையைக் குறிப்பெடுத்த கதை இது. அவருடைய மாணவர் மேண்டில் ஹூட் 1960இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்: எந்த இசையை ஆராய்கிறாயோ, அதை நீயே வாசிக்கக் கற்றுக்கொள். இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து யோசித்துப் பாருங்கள். பறையைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டுமானால், பறையடிப்பவரை ஆசான் என்று அழைத்து, அவர் முன்னால் மாணவராக உட்கார வேண்டும். ஊர் எதை ஒப்புக்கொள்ளாதோ, அதைப் பாடத்திட்டம் கேட்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் சோயி ஷெரினியன் அப்படி வந்து கற்றவர். 2011இல் பறைக் கலைஞர்களைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பே ‘இது ஓர் இசை’ என்றுதான் தொடங்குகிறது. ஓர் இசையை இசை என்று தனியாக அறிவிக்க வேண்டியிருக்கிறது என்றால், அதை அத்தனை காலம் என்னவென்று சொல்லி வைத்திருந்தார்கள்?

தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த பாதைகள் இரண்டு. ஒன்று இசைத்துறை. அங்கே பெரும்பாலும் இசை என்றால் கர்நாடக இசை. மற்றொன்று நாட்டார் வழக்காற்றியல். நா. வானமாமலை முதல் பலர் உழைத்துச் சேர்த்த பாடல்கள் நமக்குப் பெரிய சொத்து. ஆனால் அந்தத் தொகுப்புகளில் அச்சேறியது பெரும்பாலும் பாட்டின் சொல். அடி அச்சேறவில்லை. சாமிச்சாட்டு அடிக்கும் மாரடிப்பு அடிக்கும் என்ன கணக்கு வித்தியாசம், கைமாறும்போது எது மாறுகிறது என்று எழுதி வைத்தவர்கள் குறைவு. விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். கே.ஏ. குணசேகரன் பாடகர், ஆய்வாளர், பேராசிரியர் மூன்றுமாக இருந்தார். பாடுகிறவரே எழுதவும் முடியும் என்று காட்டியவர் அவர்.

செவ்வியல் என்று சொல்லப்படும் இசைக்குள்ளும் இதே கதைதான். மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல் வந்தது. வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மாட்டுத்தோலில் நாதம் கேட்கலாம், மாட்டைப் பற்றிப் பேசக் கூடாது.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடம் தமிழில் பாடி வாக்குக் கேட்டார். அவருடைய தம்பி இளையராஜா வழியாகப் பண்ணைப்புரத்தை உலகத்துக்குத் தெரியும். ஆனால் இங்கிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் என்ன பாடினார்கள், அந்தப் பாட்டில் கூலியும் கங்காணியும் எப்படி வந்தார்கள் என்பது ஒரு முழு ஆய்வேடு. உறுமி, தப்பு, ஒப்பாரி, மலையில் பளியர் பாட்டு எல்லாம் தனித்தனி ஆய்வேடுகள். திராட்சைக்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்கும் புள்ளிவிவரம் எடுக்கிற நாம், பாட்டுக்கு எடுப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். “எங்க அப்பா தப்பைக் கீழ வைக்க எவ்வளவு பாடுபட்டார், நீங்க படிப்புன்னு சொல்லி மறுபடியும் எங்க கையில கொடுக்கிறீங்களா?” இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் இந்தத் துறையைப் பரிந்துரைக்கக் கூடாது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் மேடையில் விருது வாங்கும் பறை வேறு. இழவுக்கு வந்து அடி என்று ஆள் அனுப்பிக் கட்டாயப்படுத்துகிற பறை வேறு. எத்தனையோ சேரிகள் இனி அடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்து, அதற்காக ஊர்விலக்கையும் வேலை இழப்பையும் தாங்கின. மகர்களைப் பரம்பரை ஊர் ஊழியத்தில் கட்டிப்போட்ட வதன் முறைக்கு எதிராக அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்ததும் இதே கோபத்தில்தான். ‘அழிந்துவரும் கலை’ என்று புலம்பிக்கொண்டு வருகிற ஆய்வாளருக்கு இந்த மறுப்பு ஓர் இழப்பாகத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளை ஆய்வாளரானால் அதை ஒரு போராட்டமாக எழுதும். எந்த ஆண்டில், எந்தச் சாவுக்கு, யார் முதலில் மறுத்தார் என்பதும் இசை வரலாறுதான். இதை எழுதத் தப்பைக் கையில் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. விரும்பினால் எடுக்கலாம். விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் உள்ள தூரம்தான் இங்கே முழு விஷயமும்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? வெளிநாட்டில் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. மொத்தம் 125 இடங்கள். 115 பட்டியல் சாதியினருக்கு. 2022 பிப்ரவரியில் அதன் விதிகளில் ஒன்றைச் சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்தப் பணம் கிடையாது. அதாவது, சேரியில் பிறந்த மாணவி லண்டனுக்குப் போய் ஜாவாவின் கமலானைப் படிக்கலாம், தன் தாத்தாவின் தப்பைப் படிக்க முடியாது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போன அம்பேத்கர், 1916இல் அங்கே ஒரு மானிடவியல் கருத்தரங்கில் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளைப் பற்றியது. இந்த விதி அன்று இருந்திருந்தால் அவருடைய விண்ணப்பம் முதல் பக்கத்திலேயே திரும்பியிருக்கும். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதலாம், நாம் எழுதக் கூடாது என்பதற்கு அரசு வைத்த பெயர் வழிகாட்டு நெறிமுறை.

தமிழ்நாடு அரசுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனியாக அயலக உயர்கல்வித் திட்டம் உண்டு. இரண்டு அறிவிப்புகளையும் ஒவ்வோர் ஆண்டும் வரிவரியாகப் படியுங்கள். இசைப் பட்டம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். மானிடவியல், மொழி, வரலாறு படித்தவர்களையும் பல துறைகள் சேர்த்துக்கொள்கின்றன. இங்கே பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் போய்க் கேளுங்கள்.

சேரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் அடித்த பெரியவர்களிடம் உட்காருங்கள். கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு, செல்போனில் பதிவு செய்யுங்கள். அடியின் பெயரோடு, அந்த அடிக்குக் கொடுத்த கூலி, நிற்க வைத்த இடம், கூப்பிட்ட விதம், விட்ட ஆண்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். பதிவின் ஒரு படியை அவர் வீட்டில் கொடுங்கள். நம் மண்ணில் பதிவு செய்யப்பட்டு வெளிநாட்டு அலமாரிகளில் கிடந்த ஒலிகளின் படிகளை இந்தியாவுக்கு மீட்டுக் கொண்டுவர 1982இல் தனியாக ஓர் ஆவணக் காப்பகமே தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் பதிவுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

 கேள்விகளைக் கேளுங்கள்.